பேலன்சிங் ஜீரோ, ஆனா ஸ்டீயரிங் மட்டும் ஏன் ஆடுது?

காருக்குப் புது அலாய் வீல் போட்டாச்சு. வண்டி பார்க்க சும்மா கெத்தா இருக்கு. ஊருக்குள்ள ஒரு ரவுண்டு போனீங்க, எந்தப் பிரச்சினையும் இல்ல. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோட நெடுஞ்சாலையில ஏறி 80-ஐத் தாண்டினதும் ஸ்டீயரிங் கையில நடுங்க ஆரம்பிக்குது. 95-ல நல்லா ஆடுது. 110-க்கு மேல கொஞ்சம் குறையற மாதிரியும் இருக்கு. கடைக்குப் போனா, "பேலன்சிங் பண்ணிட்டா சரியாயிடும்" என்கிறார்கள். பண்ணியாச்சு. மெஷின் ரெண்டு பக்கமும் ஜீரோ காட்டுது. ஆனா ஸ்டீயரிங் இன்னும் ஆடுது.

இந்த இடத்துலதான் பலரும் மூணு கடை ஏறி இறங்கி, அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர், டை ராட் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பணத்தைக் கரைக்கிறார்கள். மெக்கானிக்கல் படிக்கிற நாம இதை வரிசையாக யோசிச்சா, பெரும்பாலும் ஒரு நாள்ல காரணத்தைப் பிடிச்சிடலாம். சிவில், ஐடி பசங்களும் படிக்கலாம். பத்தாம் வகுப்பு பிசிக்ஸ் ஞாபகம் இருந்தா போதும்.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனசுல வெச்சுக்கோங்க. பேலன்சிங் மெஷின் வீலை எப்படிப் பிடிக்குதோ, அதே மாதிரி உங்க கார் அந்த வீலைப் பிடிக்கணும்னு எந்தக் கட்டாயமும் இல்லை. கம்பெனி வீலில் இரண்டும் ஒண்ணுதான். வெளியில வாங்கின வீலில் பல நேரம் வேற வேற. மெஷின் காட்டுற ஜீரோ மெஷினுக்கு ஜீரோ, காருக்கு இல்ல.

நடுக்கம் எங்கிருந்து வருது?

ஒரு கணக்கு போடுவோம். நம்ம ஊர்ல அதிகம் ஓடுற ஸ்விஃப்ட்டை எடுத்துக்கலாம். 15 இன்ச் வீலுக்கு வர்ற டயர் அளவு 185/65 ஆர்15. பக்கவாட்டு உயரம் 185-ல 65 சதவீதம், அதாவது சுமார் 120 மி.மீ. மேலும் கீழும் சேர்த்து 240. ரிம் 15 இன்ச், அதாவது 381 மி.மீ. மொத்த விட்டம் சுமார் 621 மி.மீ. ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது சுமார் 1.95 மீட்டர்.

100 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 27.8 மீட்டர். வகுத்துப் பாருங்க, வீல் நொடிக்குச் சுமார் 14 தடவை சுத்துது. 80-ல நொடிக்கு 11 தடவைக்குக் கொஞ்சம் மேல.

இப்போ ரிம் ஓரத்துல ஒரு இடத்தில் 30 கிராம் எடை கூடுதலா இருக்குன்னு வைங்க. மையத்திலிருந்து அதன் தூரம் சுமார் 190 மி.மீ. மையவிலக்கு விசை = நிறை × ஆரம் × கோண வேகத்தின் வர்க்கம். 50 கி.மீ. வேகத்தில் இது சுமார் 11 நியூட்டன். 100-ல் 45 நியூட்டனைத் தாண்டும். வேகம் இரண்டு மடங்கானால் விசை நாலு மடங்கு. நாலரை கிலோ எடை ஒன்று நொடிக்கு 14 தடவை வீலை மேலயும் கீழயும் முன்னயும் பின்னயும் இழுத்துக்கிட்டே இருக்கிற மாதிரி.

அப்போ 110-க்கு மேல ஏன் குறையுது? அதுதான் ரெசனன்ஸ். சின்ன கார்களில் வீல், ஹப், கீழ் ஆர்ம், ஸ்டீயரிங் எல்லாம் சேர்ந்த அமைப்போட இயற்கை அதிர்வெண் பெரும்பாலும் 10 முதல் 15 ஹெர்ட்ஸுக்குள்ள வரும். 80-ல இருந்து 105 வரைக்கும் வீல் சுத்துற வேகமும் அதே எல்லைக்குள்ளதான் விழுது. ஊஞ்சலை அது ஆடுற தாளத்துக்கே தள்ளிவிட்ட கதை. தாளம் தாண்டிப் போனா ஆட்டம் குறையும், விசை குறையாது. அதனால "120-ல போனா ஸ்மூத்தா இருக்கு மச்சி" என்பது தீர்வே கிடையாது.

செஞ்சிக்கும் திண்டிவனத்துக்கும் நடுவுல இருக்கிற எங்க வல்லம் பக்கத்து ரோடுகள்ல இன்னொரு சிக்கலும் இருக்கு. (தஞ்சாவூர் வல்லம் இல்லைங்க, ஒரகடம் பக்கத்து வல்லமும் இல்ல.) இங்க டிராக்டர், ஆடு மாடு, ஸ்பீடு பிரேக்கர் எல்லாம் தாண்டி 60-க்கு மேல போறதே அரிது. கடைக்காரர் வண்டியை எடுத்து ஒரு ரவுண்டு போயிட்டு வந்து "ஒண்ணும் இல்லையே தம்பி" என்று சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்த வேகத்துல விசையே மூணுல ஒரு பங்குதான், ரெசனன்ஸும் வராது. திண்டிவனம் போய் ஜிஎஸ்டி ரோட்டில் ஏறினால்தான் நோய் வெளியே தெரியும்.

வீலை நடுவில் பிடிப்பது எது?

காரின் ஹப்பின் நடுவில் ஒரு வட்டமான மேடு இருக்கும். கம்பெனி வீலின் நடு ஓட்டை அந்த மேட்டில் கச்சிதமாக உட்காரும். இந்த ஓட்டையைத்தான் சென்டர் போர் என்கிறோம். ஸ்விஃப்ட்டுக்கு இது 54.1 மி.மீ. ஹோண்டா சிட்டிக்கு 56.1. வோக்ஸ்வேகன் போலோவுக்கு 57.1. வீலை மாட்டினவுடனே அது தானாக மையத்துக்கு வந்துவிடும். அப்புறம் நட்டு அதை அழுத்திப் பிடிச்சா போதும்.

வெளியில் அலாய் வீல் செய்கிற கம்பெனி ஒவ்வொரு காருக்கும் தனித்தனி ஓட்டை போட முடியாது. ஒரே வீல் பல கார்களுக்குப் பொருந்தணும். அதனால 67.1 அல்லது 73.1 மி.மீ. மாதிரி பெரிய ஓட்டையாகப் போட்டு விற்கிறார்கள். 73.1 ஓட்டையை 54.1 ஹப்பில் மாட்டினால் சுற்றிலும் 9.5 மி.மீ. இடைவெளி. இப்போ அந்த வீலை நடுவுல நிறுத்துறது யார்? நாலு நட்டின் கூம்பு முனைகள் மட்டும்தான்.

நியாயமா ஒண்ணு சொல்லணும். கூம்பு நட்டு ஒழுங்கா உட்கார்ந்து, சரியான வரிசையில் டைட் பண்ணினா அதுவே வீலை மையத்துக்குக் கொண்டுவந்துவிடும். அப்படி எத்தனையோ கார் பிரச்சினையில்லாம ஓடுது. ஆனா வண்டியோட எடை டயர் மேல இருக்கும்போதே, இம்பாக்ட் கன்னால ஒரு நட்டை முதலில் முழுசா இறுக்கிவிட்டால், வீல் ஒரு பக்கம் ஒதுங்கி அப்படியே மாட்டிக்கும்.

எவ்வளவு ஒதுங்கினால் தெரியும்? டயரோடு சேர்த்து வீல் எடை 16 கிலோ என்று வைப்போம். வெறும் அரை மி.மீ. ஒதுங்குது. அஞ்சு ஏ4 தாளை அடுக்கின தடிமன். 16,000 கிராம் × 0.5 மி.மீ. = 8,000. அதை ரிம் ஆரம் 190-ஆல் வகுத்தால் 42 கிராம். ரிம்மில் 42 கிராம் வெயிட்டைத் தப்பான இடத்தில் ஒட்டினதுக்குச் சமம்! இதுல டயர் வட்டமா உருளாம மேல கீழ ஏறி இறங்குற பாதிப்பைச் சேர்க்கவே இல்லை.

பேலன்சிங் மெஷினுக்கு இது தெரியாது. மெஷின் வீலை நடு ஓட்டையில் கூம்பு வெச்சுப் பிடிக்குது. அங்க வீல் சரியா மையத்துல நிக்குது, ஜீரோ காட்டுது. காரில் மாட்டும்போது அந்த நடு ஓட்டையை எதுவுமே தொடவில்லை. பத்து கடையில் பத்து தடவை பண்ணினாலும் ஜீரோதான் வரும், ஸ்டீயரிங்கும் ஆடும்.

இதுக்கான மருந்து ஹப் ரிங். வெளி விட்டம் 73.1, உள் விட்டம் 54.1 உள்ள ஒரு வளையம். பிளாஸ்டிக்கிலும் அலுமினியத்திலும் கிடைக்கும். இது வண்டியின் எடையைத் தாங்குவதில்லை. மாட்டும்போது வீலை நடுவில் நிறுத்துவது மட்டும்தான் இதன் வேலை. எடையைத் தாங்குவது, நட்டின் இறுக்கத்தால் வீலுக்கும் ஹப்புக்கும் நடுவில் உண்டாகும் உராய்வு.

முதல்ல வண்டி என்ன சொல்லுதுன்னு கேளுங்க

டாக்டர்கிட்ட போனா முதல்ல "எப்போ வலிக்குது, எங்க வலிக்குது"ன்னு கேட்பாரு இல்ல? அதே மாதிரி ஒரு நோட்டு எடுத்து எழுதுங்க. கூட ஒருத்தர் இருக்கணும். ஓட்டுறவர் ரோட்டை மட்டும் பார்க்கட்டும்.

1. எந்த வேகத்தில் தொடங்குது, எதில் உச்சம், எதில் குறையுது? 80-க்கும் 110-க்கும் நடுவில் மட்டும் வந்தால் பேலன்ஸ், மையம், வளைந்த ரிம் ஆகியவற்றில் ஒன்று.

2. 30, 40-லேயே வண்டி குலுங்கினா அல்லது ஸ்டீயரிங் மெதுவா இடமும் வலமும் ஆடினா, டயருக்குள் பெல்ட் பிரிஞ்சிருக்கலாம், ரிம் மோசமா வளைஞ்சிருக்கலாம், நட்டு தளர்ந்திருக்கலாம். இதுக்கு மேல ஓட்டாதீங்க. ஓரம் கட்டுங்க.

3. ஸ்டீயரிங்ல தெரிஞ்சா பெரும்பாலும் முன் வீல். சீட்லயும் தரையிலயும் தெரிஞ்சா பின் வீல்.

4. பிரேக் மிதிக்கும்போது மட்டும் ஆடினால் சந்தேகம் பிரேக் டிஸ்க் மேல. டிஸ்க் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லாமல் போயிருக்கும். நட்டைக் கண்டபடி இறுக்கினதும் இதற்கு ஒரு காரணமாகலாம்.

5. ஆக்ஸிலரேட்டர் அழுத்தும்போது மட்டும் ஆடி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டைப் பாருங்க.

6. 80-ல் ஐந்தாவது கியரில் ஒரு தடவை, நாலாவது கியரில் ஒரு தடவை ஓட்டுங்க. வண்டி வேகம் அதே, எஞ்சின் சுற்று மட்டும் மாறும். நடுக்கம் மாறாமல் இருந்தால் எஞ்சினை விட்டுவிடலாம்.

போனை வெச்சே அளக்கலாம்

உங்க பாக்கெட்டில் ஒரு ஆக்ஸிலரோமீட்டர் இருக்கு. ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஃபைஃபாக்ஸ் என்ற ஆப் இலவசம். அதுல ஆக்ஸிலரேஷன் ஸ்பெக்ட்ரம் என்று ஒரு கருவி இருக்கு. போனை டேஷ்போர்டில் அசையாமல் டேப் போட்டு ஒட்டி, பக்கத்து சீட்டில் இருப்பவர் பார்க்கட்டும். ஒரே வேகத்தில் பத்து நொடி ஓட்டினால் எந்த அதிர்வெண்ணில் உச்சம் இருக்கு என்று தெரியும்.

நாம போட்ட கணக்குப்படி 80-ல் 11.4, 90-ல் 12.8, 100-ல் 14.2 ஹெர்ட்ஸ். உச்சம் இந்த எண்களில் விழுந்து, வேகத்தோட சேர்ந்து நகர்ந்தால் குற்றவாளி சுத்துகிற வீலோ டயரோ ஹப்போ டிஸ்க்கோதான். அதைவிட இரண்டு மடங்கில் உச்சம் வந்தால் வீல் வட்டமாக இல்லாமல் முட்டை வடிவில் இருக்கலாம். எஞ்சின் 3000 ஆர்பிஎம்மில் சுத்தினா 50 ஹெர்ட்ஸ் பக்கம் வரும், அதைத் தனியா அடையாளம் கண்டுக்கலாம். சிக்னல்ஸ் பாடத்துல படிச்ச சாம்பிளிங்கும் ஃபூரியரும் எதுக்குன்னு கேட்டவங்களுக்கு இதோ பதில்.

நிறுத்தி வெச்சுப் பார்க்க வேண்டியவை

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, எதிர்ப் பக்க வீலுக்கு முன்னும் பின்னும் கல் வையுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் போகாதீங்க, ஸ்டாண்டு வேணும். செலவே இல்லாததில் தொடங்கி வரிசையாகப் போவோம்.

நட்டு. வெளியில் வாங்கும் அலாய் பெரும்பாலும் 60 டிகிரி கூம்பு நட்டுக்குச் செய்தது. ஹோண்டா கார்களோட கம்பெனி நட்டு முனை உருண்டையானது. அந்தப் பழைய நட்டையே கூம்புக் குழியில் போட்டால் ஒரு மெல்லிய கோட்டில் மட்டும்தான் தொடும். நடுவிலும் நிற்காது, இறுக்கமும் நிற்காது. நட்டு எத்தனை சுற்று உள்ளே போகுதுன்னு கையால் எண்ணுங்க. ஸ்டட் 12 மி.மீ. தடிமன், மரை 1.25 என்றால் குறைந்தது 10 சுற்று பிடிக்கணும். மரை 1.5 என்றால் 8 சுற்று. நாலைந்து சுற்றிலேயே முட்டினால் அந்த வீல் உங்க வண்டிக்கு இல்லை.

பிசிடி. ஸ்டட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம். ஸ்விஃப்ட், ஐ20, சிட்டி மூணுக்கும் 4×100. பழைய ஃபியட் புன்டோவுக்கு 4×98. "ரெண்டு மி.மீ.தானே, இழுத்துப் போட்டா உட்காரும்" என்று யாராவது சொன்னால் கும்பிட்டுவிட்டு வந்துடுங்க. ஸ்டட் வளைந்தபடியே வேலை செய்யும், ஒருநாள் ஒடியும்.

தொடும் பரப்பு. வீலைக் கழற்றி ஹப்பின் முகத்தைப் பாருங்க. துரு, மண், பெயின்ட் கட்டி ஒரு பக்கம் மட்டும் இருந்தாலே வீல் சாய்ந்து உட்காரும். வயர் பிரஷ்ஷால் தேய்ச்சு, துணியால் துடையுங்க. ரிம்மின் உள் முகத்தில் பேலன்சிங் வெயிட், பழைய ஸ்டிக்கர் எதுவும் மாட்டிக்கொள்ளவில்லையே என்றும் பாருங்க.

நடு ஓட்டை. வெர்னியரால் வீலின் ஓட்டையையும் ஹப்பின் மேட்டையும் அளங்க. ரிங் இருக்கா, நாலு வீலிலும் இருக்கா? டயர் மாற்றும்போது ஒரு ரிங் கடையிலேயே விழுந்துவிடுவது சகஜம்.

ரன் அவுட். வீலை மாட்டித் தூக்கி நிறுத்துங்க. ஒரு ஸ்க்ரூ டிரைவரை கட்டை மேல் வைத்து முனையை ரிம் ஓரத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோங்க. வீலை மெதுவா கையால சுத்துங்க. இடைவெளி கூடிக் குறையுதா? சுமார் 1 மி.மீ.க்கு மேல் மாறினால் சந்தேகம். உள் ஓரத்தையும் கட்டாயம் பாருங்க, பள்ளத்தில் விழுந்த ரிம் பெரும்பாலும் உள் பக்கம்தான் வளையும். ஆட்டம் இருந்தால் நட்டைக் கழற்றி, வீலை ஒரு ஸ்டட் தள்ளி மாட்டி மறுபடி அளங்க. ஆட்டத்தின் இடம் வீலோடு நகர்ந்தால் தப்பு வீலில். ஹப்போடு நின்றால் தப்பு ஹப்பில். ரெண்டும் இல்லாம ஒவ்வொரு தடவையும் வேற அளவு வந்தால், வீல் மையத்தில் உட்காரவில்லை என்று அர்த்தம்.

டயர். ரிம்முக்குப் பக்கத்தில் டயரில் ஒரு மெல்லிய கோடு சுற்றிலும் ஓடும். ரிம்மிலிருந்து அது எல்லா இடத்திலும் ஒரே தூரத்தில் இருக்கணும். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தால் டயர் சரியா உட்காரவில்லை. காற்றை இறக்கி, சோப்புத் தண்ணி போட்டு மறுபடி ஏற்றினால் பெரும்பாலும் சரியாகும்.

பேலன்சிங் கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி

மெஷின் ஜீரோ காட்டினதும் இப்படிக் கேளுங்க: "அண்ணா, வீலைக் கழற்றி, ஷாஃப்ட்டில் பாதிச் சுற்று திருப்பி மாட்டி மறுபடி ஒரு தடவை சுத்திக் காட்டுங்க." மெஷினிலேயே வீல் சரியா மையத்துல நின்றிருந்தால் மறுபடியும் ஜீரோவோ 5 கிராமோ வரும். 20, 30 கிராம் என்று வந்தால் மெஷினின் கூம்பே சரியா உட்காரவில்லை. அப்போ அந்த ஜீரோ மெஷினுக்குக்கூட ஜீரோ இல்லை. அலாய் வீலுக்குக் கூம்பை உள் பக்கத்திலிருந்து, அதாவது ஹப்பில் படுற பக்கத்திலிருந்து வைப்பது நல்லது. புது ரிம்மின் அகலம், விட்டம், தூரம் மூணையும் மெஷினில் புதுசா கொடுத்தார்களா என்றும் பாருங்க.

ஒரு ஸ்விஃப்ட்டின் கதை

எங்க மாமா வண்டி ஸ்விஃப்ட். எங்க தெருவில் யாருக்கு உடம்பு முடியலைன்னாலும், முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியோ பாண்டி ஜிப்மரோ, அந்த வண்டிதான் போகும். அதனால இது "ஸ்டைலுக்குப் போட்ட அலாய்தானே, ஆடினா ஆடட்டும்" என்று விடுகிற சமாச்சாரம் இல்லை. சென்னை புதுப்பேட்டையில் பழைய 15 இன்ச் அலாய் செட் ஒண்ணு நல்ல விலைக்குக் கிடைச்சுது, மாட்டினார். ஜிஎஸ்டி ரோட்டில் 85-ல் ஆட ஆரம்பிச்சு 95-ல் உச்சம். பின்னால் படுத்துக்கிட்டு வந்த ஒரு பாட்டி, "என்னப்பா, வண்டிக்கும் காய்ச்சலா?" என்று கேட்டாராம். மூணு தடவை பேலன்சிங், ஒரு தடவை அலைன்மென்ட் ஆச்சு. கடைசியா டை ராட் மாத்தணும்னு ஒரு கடையில் சொன்னப்போதான் என்கிட்ட விஷயம் வந்தது.

போனில் 95 கி.மீ. வேகத்தில் 13.5 ஹெர்ட்ஸில் உச்சம். கணக்கும் அதே 13.5. கியர் மாற்றியும் நகரவில்லை. அடுத்து, வீட்டில் கிடந்த கம்பெனி ஸ்டீல் வீல் நாலையும் மாட்டி ஓட்டிப் பார்த்தோம். நடுக்கம் சுத்தமா இல்லை. இந்த ஒரு சோதனை பாதி சந்தேகத்தைத் தீர்த்துடும். பழைய வீலில் ஆடவில்லை என்றால் டிஸ்க், ஹப், பேரிங், டை ராட் எதுவும் முதல் குற்றவாளி இல்லை. அதனால பழைய வீலை உடனே வித்துடாதீங்க மக்களே. அதைவிட நல்ல டெஸ்டிங் கருவி கிடையாது.

அலாய் வீலை அளந்தா 73.1. ரிங் ஒண்ணுகூட இல்லை. திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறையில் ஹப் அளவும் வீல் அளவும் கொடுத்து அலுமினியத்தில் நாலு ரிங் கடைஞ்சு வாங்கினோம். ரிங் போட்டு, வீலைத் தூக்கி வெச்சு, குறுக்கு வரிசையில் டைட் பண்ணினோம். முக்கால்வாசி நடுக்கம் போச்சு. மிச்சம் கொஞ்சம் 100 பக்கத்தில் இருந்தது. ஸ்க்ரூ டிரைவர் வெச்சுப் பார்த்ததில் முன் இடது ரிம்மின் உள் ஓரம் 2 மி.மீ. வளைஞ்சிருந்தது. அந்த ஒரு வீலை மாத்தினதும் ஸ்டீயரிங் அசையவே இல்லை. காரணம் ஒண்ணு இல்லை, ரெண்டு. ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, ஓட்டிப் பார்த்ததால்தான் ரெண்டும் தனித்தனியா தெரிஞ்சுது. ரிங்கையும் டயரையும் டை ராடையும் ஒரே நாளில் மாற்றியிருந்தால் எது சரி செஞ்சதுன்னே தெரிஞ்சிருக்காது.

மூணு தப்பான நம்பிக்கை

"அலைன்மென்ட் பண்ணினா நடுக்கம் போயிடும்." போகாது. அலைன்மென்ட் கெட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு ஓரம் தேயும். வேகத்தோட வர்ற நடுக்கத்தை அது உண்டாக்குவதில்லை.

"சஸ்பென்ஷன் லூஸ், அதான் ஆடுது." தேய்ஞ்ச லோயர் ஆர்ம் புஷ்ஷோ டை ராட் எண்டோ தானாக வீலை ஆட்டாது. ஆனா இருக்கிற சின்ன நடுக்கத்தைப் பெருசாக்கிக் காட்டும். வெறும் வாயை மெல்லுறவனுக்கு அவல் கிடைச்ச மாதிரி. ஆட்டம் இருந்தா மாத்துங்க, அது வேற விஷயம். மாத்தினதும் நடுக்கம் போயிடும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க.

"ஆஃப்செட் மாறினதால ஆடுது." வீல் வெளியே தள்ளி நின்றால் நடுக்கம் புதுசா பிறக்காது. ஆனா வீலில் வர்ற ஒவ்வொரு விசைக்கும் ஸ்டீயரிங்கைத் திருப்புகிற நெம்புகோல் நீளமாகும். முன்னாடி கைக்குத் தெரியாத 10 கிராம் இப்போ தெரியும். வீல் பேரிங்குக்கும் சுமை கூடும். அதனால ஒரிஜினல் ஆஃப்செட்டுக்குப் பக்கத்திலேயே வாங்குங்க.

டைட் பண்ணுறது ஒரு கலை இல்லை, கணக்கு

சின்ன கார்களுக்கு நட்டு இறுக்கம் பெரும்பாலும் 100 நியூட்டன் மீட்டர் பக்கம் இருக்கும். உங்க வண்டிக்குச் சரியான எண் ஓனர்ஸ் மேனுவலில் இருக்கு. மெஷின் டிசைனில் படிச்ச சூத்திரத்தைப் போட்டால், 12 மி.மீ. ஸ்டட்டில் 100 நியூட்டன் மீட்டர் என்பது ஒரு நட்டுக்குச் சுமார் 4 டன் அழுத்தம். மரையில் கிரீஸ் தடவினால் உராய்வு குறைஞ்சு, அதே ரெஞ்ச் அளவுக்கு அழுத்தம் 5 டன்னைத் தாண்டலாம். ஸ்டட் நீண்டுவிடும். அதனால மரை சுத்தமா, காய்ந்து இருக்கட்டும்.

முறை இதுதான். வீல் தரையைத் தொடாமல் தூக்கி நிறுத்துங்க. எல்லா நட்டையும் கையால் போடுங்க. வீலை லேசா ஆட்டிக்கிட்டே எதிரெதிர் வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்க. பாதி இறுக்கம் வந்ததும் கீழே இறக்கி, டார்க் ரெஞ்சால் முழு அளவு வையுங்க. 50 முதல் 100 கி.மீ. ஓடினதும் மறுபடி ஒரு தடவை செக் பண்ணுங்க. புது அலாயில் பெயின்ட் அமுங்கி இறுக்கம் குறைவது சகஜம். இம்பாக்ட் கன்னை நட்டு கழற்ற மட்டும் வெச்சுக்கோங்க.

வாங்குறதுக்கு முன்னாடி

கடைக்குப் போகும்போது நாலு எண்ணைப் போனில் எழுதி எடுத்துட்டுப் போங்க: பிசிடி, சென்டர் போர், ஆஃப்செட், ஸ்டட் மரை. அஞ்சாவதா நட்டு முனையின் வடிவம். டயரோட மொத்த விட்டம் பழையதுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். ஸ்விஃப்ட்டின் 165/80 ஆர்14-க்கும் 185/65 ஆர்15-க்கும் வித்தியாசம் 2 மி.மீ.தான், அதான் ஸ்பீடோமீட்டர் ஏமாறுவதில்லை. புது வீலில் ஐஎஸ்ஐ முத்திரை இருக்கான்னு பாருங்க. கார் அலாய் வீலுக்கு ஐஎஸ் 16192 என்ற இந்தியத் தரம் இருக்கு. பழைய வீலா? பேலன்சிங் மெஷினில் டயர் இல்லாமல் சுத்த விட்டு ரெண்டு ஓரத்தையும் பார்த்த பிறகுதான் காசு கொடுங்க. வெல்டிங் தடம் இருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

ஹப் ரிங் ஒண்ணு பார்க்கிறதுக்கு ஒண்ணுமே இல்லாத வளையம். வீலை மாட்டினா வெளியில தெரியக்கூட தெரியாது. அடுத்த தடவை வீட்டு வண்டி வீலைக் கழற்றும்போது ஒரு நிமிஷம் குனிஞ்சு அது இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா கையில வெர்னியரை எடுங்க. லேப்ல மார்க்குக்காக மட்டும் பிடிச்ச வெர்னியருக்கு அன்னைக்குத்தான் உண்மையான வேலை வரும்.